ஆல்மோஸ்ட் முடிஞ்சிடுச்சு அண்ணா

என் டீம்ல ஒரு பையன் இருந்தான், பேர் வேணாம், இப்ப வேற இடத்துல நல்லா இருக்கான். தினமும் காலைல மீட்டிங்ல அவன் முறை வந்தா ஒரே டயலாக் தான், "ஆல்மோஸ்ட் முடிஞ்சிடுச்சு அண்ணா, ஈவினிங் குடுத்துடறேன்". திங்கக்கிழமை சொன்னான், செவ்வாக்கிழமை சொன்னான், அடுத்த திங்களும் அதையே சொன்னான். எனக்கு மூணாவது நாளே கடுப்பு ஆரம்பிச்சிடுச்சு, ஆனா வெளிய காட்டிக்காம "சரிடா, ஏதாவது ஹெல்ப் வேணும்னா கேளு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆள்கிட்ட போயிடுவேன். அந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டா என் கடமை தீந்துதுன்னு நினைப்பு.

பத்தாவது நாள் ஸ்க்ரீன் ஷேர் பண்ணுன்னேன். அக்கறைல இல்ல, கோவத்துல தான், இன்னைக்கு இவன கையும் களவுமா பிடிச்சிடணும்னு. பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. முதல் நாள் எழுதின அம்பது அறுபது லைன் இருக்கு, அதையே திரும்ப திரும்ப அழிச்சு அழிச்சு எழுதின ஹிஸ்டரி இருக்கு, ராத்திரி 2 மணிக்கு ஒண்ணு, 3.45க்கு ஒண்ணு, விடிகாலைல ஒண்ணு. சோம்பேறின்னு நான் மனசுக்குள்ள முத்திரை குத்தி வெச்சிருந்த ஆளு என்னை விட டபுள் மடங்கு நேரம் உக்காந்திருக்கான்.

அவன் மாட்டிக்கிட்ட இடம் இருக்கே, அது சும்மா உப்புசப்பில்லாத விஷயம். எங்க ப்ராஜெக்ட்ல ரெண்டு டேட்டாபேஸ், பேர் கிட்டத்தட்ட ஒண்ணு போலவே இருக்கும், எது எதுக்குன்னு எந்த டாக்குமெண்ட்லயும் கிடையாது. பழைய ஆளுங்களுக்கு அது பழகிப்போச்சு, புதுசா வர்றவனுக்கு சொல்லணும்னு யாருக்கும் தோணல, எனக்கும் தான். 20 நிமிஷத்துல வேலை ஓட ஆரம்பிச்சிடுச்சு. "ஏன்டா இத அன்னைக்கே கேக்கல"ன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "முதல் நாளே கேட்டிருக்கணும் அண்ணா, அப்ப விட்டுட்டேன், அப்பறம் கேட்டா இத்தன நாளா என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேப்பீங்க, அதுக்கு பயந்துட்டு நானே கண்டுபிடிச்சிடலாம்னு பாத்தேன்"னான்.

இது எனக்கு இன்னும் உறுத்திட்டே இருக்கு. ஒரு சந்தேகத்த முதல் நாள் கேட்டா அது வெறும் சந்தேகம், அஞ்சாவது நாள் கேட்டா விளக்கம் குடுக்கணும், பத்தாவது நாள் கேட்டா குத்தத்த ஒத்துக்கற மாதிரி ஆயிடுது. கடனுக்கு வட்டி ஏறற மாதிரி நாள் போக போக வாயத் தொறக்கறது கஷ்டமாயிட்டே போகும். நான் "ஹெல்ப் வேணும்னா கேளு"ன்னு சொன்ன ஒவ்வொரு நாளும் அவன் தலைல இன்னொரு நாள் வட்டி ஏறியிருக்கு, நான் என்னடான்னா வாசல தொறந்து வெச்சிருக்கேன், அவன் தான் வரலன்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன்.

இதுல இன்னும் கேவலம் என்னன்னா நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஸ்கூல்ல மேக்ஸ் எடுத்தவன். எனக்கு தெரிஞ்சிருக்கணும். ஏன்னா கிளாஸ்ல இதே கூத்த வேற வேற உருவத்துல பாத்திருக்கேன். ஒரு பொண்ணு, நான் பக்கத்துல வந்தாலே நோட்ட கையால மூடிக்கும். ஒருத்தன் டெஸ்ட்னா அன்னைக்கு வயித்துவலி. இன்னொருத்தன் கிளாஸ் முழுக்க சிரிக்க வெச்சிட்டே இருப்பான், அவன போர்டுக்கு கூப்பிட்டா அன்னைக்கு வால்யூம் டபுள் ஆகும், நான் வெளிய அனுப்புவேன், அவனும் ஜாலியா போவான். அவனுக்கு பின்னம் கூட்டவே தெரியாதுங்கறத நான் கண்டுபிடிக்க அரை வருஷம் ஆச்சு. வெளிய போறது தான் அவனுக்கு தேவையா இருந்திருக்கு, அத நான் தண்டனைன்னு நினைச்சு நானே தூக்கி குடுத்திருக்கேன். கிளாஸ்ல முட்டாளுன்னு தெரியறத விட அடங்காதவன்னு பேர் வாங்கறது அந்த வயசுல எவ்ளவோ கௌரவம் இல்லையா.

இன்னொரு பையன் போர்ட்ல இருக்கறத காப்பி பண்ணும்போது ஒரு நம்பர் விட்டா ஒரு நம்பர் தப்பா எழுதுவான். கவனமில்லாதவன், அலட்சியம்னு ரிப்போர்ட் கார்டுல என் கையாலயே எழுதினேன். கண்ணு தெரியல அவனுக்கு, அவ்ளோதான். அவனே வந்து சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்படி சொல்வான்? அவனுக்கு உலகமே அப்படித்தான் தெரியுது, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சிட்டு இருக்கான். காது கேக்கறதும் அப்படித்தான், எழுத்துக்கூட்டி படிக்கறதுல வர்ற டிஸ்லெக்ஸியா மாதிரி விஷயமும் அப்படித்தான், தன்கிட்ட இப்படி ஒரு பிரச்சனை இருக்குங்கறதே அந்த குழந்தைக்கு தெரியாது. தனக்கு மட்டும் மூளை இல்லன்னு முடிவு பண்ணிக்கும்.

இதெல்லாம் யோசிச்சு யோசிச்சு நான் ஒரு விஷயத்த பிடிச்சேன். கஷ்டப்படறவங்க எப்படி இருப்பாங்கன்னு இன்டர்நெட்ல நிறைய லிஸ்ட் சுத்துது, அது இருக்கட்டும், ஆனா எனக்கு வேலை செய்யற அடையாளம் அவங்ககிட்ட இல்ல, என்கிட்ட இருக்கு. எனக்கு ஒருத்தர் மேல எரிச்சல் வர ஆரம்பிச்சா, அங்க நான் எதையோ பாக்காம விட்டிருக்கேன்னு அர்த்தம். அந்த ஆல்மோஸ்ட் பையன் மேல எனக்கு மூணாவது நாள் எரிச்சல் வந்துச்சு. அன்னைக்கே ஸ்க்ரீன திறந்திருந்தா ஏழு ராத்திரி மிச்சம். நோட்ட மூடற பொண்ணு மேல, வயித்துவலி பையன் மேல, ஜோக்கடிக்கறவன் மேல, எல்லார் மேலயும் முதல்ல எனக்கு வந்தது எரிச்சல் தான், பரிதாபம் இல்ல. கஷ்டம்னா அழுதுட்டு வந்து நிக்கும்னு நாம எதிர்பாக்கறோம். அது பொய் சொல்லிட்டு, லேட்டா வந்துட்டு, மெயிலுக்கு பதில் போடாம, திமிரா பேசிட்டு வரும்.

நாம ஆளுங்கள இப்படி தப்பா படிக்கறதுக்கு சைக்காலஜில ஒரு பேர் இருக்கு, "ஃபண்டமெண்டல் அட்ரிப்யூஷன் எரர்", லீ ராஸ்ங்கறவர் 1977ல வெச்சது. சுருக்கமா சொன்னா, நான் லேட்டா வந்தா டிராஃபிக், அவன் லேட்டா வந்தா பொறுப்பில்லாதவன். அடுத்தவங்க செய்யற எதுக்கும் அவங்க குணத்துல காரணம் தேடுவோம், அவங்க மாட்டிட்டு இருக்கற நிலைமைய பாக்க மாட்டோம். படிக்கும்போது ஆமா ஆமான்னு தலையாட்டுவோம், அடுத்த நாள் காலைல மீட்டிங்ல அதையே பண்ணுவோம், நான் பண்ணேன்.

அதுக்கு அடுத்து நடக்கறது தான் பயங்கரம். 1998ல மன்சோனி, பார்சூன்னு ரெண்டு பேராசிரியர்கள் மேனேஜர்கள பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒருத்தன் சரியில்லன்னு பாஸ் முடிவு பண்ணிட்டா அவன இறுக்கி பிடிப்பாரு, ஒவ்வொண்ணுக்கும் கணக்கு கேப்பாரு, நல்ல வேலைய வேற ஆளுக்கு குடுப்பாரு. பாஸ் தன்னை நம்பலன்னு அவன் புரிஞ்சுகிட்டு ஒதுங்குவான், சொந்தமா எதையும் முடிவு பண்ண மாட்டான். பாஸ் அத பாத்துட்டு, பாத்தீங்களா நான் அப்பவே சொன்னேன்ல, அப்படிம்பாரு. ஆள கவுக்கறது பாஸே தான், ஆனா அவருக்கு அது தெரியவே தெரியாது. இத படிச்சப்ப எனக்கு முகம் சூடாயிடுச்சு, ஏன்னா நான் அந்த பையனுக்கு வர வேண்டிய ஒரு நல்ல டாஸ்க்க எட்டாவது நாள் இன்னொருத்தனுக்கு மாத்தி விட்டிருந்தேன், "பாவம் அவனுக்கு ஏற்கனவே லோடு"ன்னு எல்லார் முன்னாடியும் பெருந்தன்மையா சொல்லிட்டு.

சரி, எரிச்சல் நம்ம பக்க அலாரம். அவங்க பக்கம் என்ன பாக்கறதுன்னா, அடுத்தவனோட ஒப்பிடாதீங்க, அவங்களோட போன மாசத்தோட ஒப்பிடுங்க. எப்பவும் அமைதியா இருக்கறவன் அமைதியா இருந்தா ஒண்ணுமில்ல. லொடலொடன்னு பேசறவன் ஒரு வாரமா கேமராவ ஆஃப் பண்ணிட்டு "ஓகே" "ஓகே"ன்னு மட்டும் சொன்னா அங்க போய் நிக்கணும். கேள்வி கேட்டுட்டே இருந்தவ நிறுத்திட்டா அது எல்லாம் புரிஞ்சதால இல்லாம இருக்கலாம். கையெழுத்து மாறும், மெயில் அனுப்பற நேரம் மாறும், சின்ன சின்ன லீவு வரும், அதுவும் குறிப்பா ஒரே பாடம் இருக்கற கிழமையா பாத்து வரும். ஒண்ண மட்டும் வெச்சு முடிவு பண்ணா நாமளும் துப்பறியும் ஆளா மாறி மனுஷங்கள இம்சை பண்ணுவோம், ரெண்டு மூணு சேந்து ரெண்டு வாரத்துக்கு மேல போகுதான்னு பாத்தா போதும்.

இதுல எல்லாரும் கோட்டை விடற ஒரு கூட்டம் இருக்கு, நல்லா பண்றவங்க. மார்க் குறையாது, டெட்லைன் தவறாது, அதனால யாரும் திரும்பி பாக்க மாட்டோம். அவங்க வேற விலை குடுத்திட்டு இருப்பாங்க, தூக்கம், உடம்பு, வீட்ல இருக்கறவங்க கிட்ட பேசற நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்டுக்கு ஒரு விளக்கம் குடுத்துச்சு, இது நோய் இல்ல, வேலையோட சம்பந்தப்பட்ட ஒரு நிலைன்னு தெளிவா சொல்லிட்டு மூணு விஷயம் சொன்னாங்க: சக்தியெல்லாம் வத்திப்போற மாதிரி களைப்பு, வேலை மேல ஒரு ஒட்டாத தன்மை இல்லன்னா வெறுப்பு, வேலை திறமை குறையறது. என் அனுபவத்துல திறமை குறையறது கடைசில தான் கண்ணுக்கு தெரியுது, நாம அதுக்காக காத்திருந்தா ரொம்ப லேட். நடுவுல இருக்கறத பாருங்க. ரசிச்சு ரசிச்சு வேலை பாத்த ஒருத்தர் "என்னவோ பண்ணிட்டு போங்க"ன்னு நக்கலா பேச ஆரம்பிச்சா, அது நக்கல் மட்டும் இல்ல.

இப்ப கேக்கறதுக்கு வருவோம், ஏன்னா கண்டுபிடிச்சாச்சுன்னா பேசணும்ல. "எனி டவுட்ஸ்?" இந்த கேள்விய நான் ஆறு வருஷம் கேட்டிருக்கேன், பதில் வராது, ஏன்னா அது கேள்வியே இல்ல, கிளாஸ முடிக்கற மணி. 1970கள்ல மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்காங்கன்னு அளந்து பாத்தாங்க. சராசரியா சுமார் 1 செகண்ட். அத 3 செகண்ட் ஆக்கினதுக்கே பதில் நீளமாச்சு, வாயே திறக்காத பசங்க பேச ஆரம்பிச்சாங்க. 3 செகண்ட் கம்மின்னு நினைக்காதீங்க, ஒரு தடவ கிளாஸ்ல நின்னு பாருங்க, யுகமா இருக்கும், நம்ம வாய் நம்மள மீறி பேசிடும்.

நான் இப்ப கேக்கறது எல்லாம் வேலைய ஒட்டி இருக்கும். "நேத்து எந்த இடத்துல நின்னுச்சு? காட்டு." "இதுல உனக்கு சுத்தமா பிடிபடாத பாகம் எது?" பிடிபடாத பாகம் இருக்குன்னு நானே ஒத்துக்கிட்டு கேக்கறதால அவங்க மானத்த அடகு வைக்க வேண்டியதில்ல. இன்னொண்ணு, எல்லார் முன்னாடியும் கேக்கறதில்ல, மெசேஜ்ல "கொஞ்சம் பேசணும்"னு மொட்டையா போடறதில்ல (அத பாத்த எவனுக்கும் அன்னைக்கு வேலை ஓடாது, எனக்கே ஓடாது). "அந்த ரிப்போர்ட் டாஸ்க் பத்தி 15 நிமிஷம் சேந்து பாக்கலாமா"ன்னு காரணத்தோட போடறேன். அப்பறம், நான் சொதப்பினத நான் முதல்ல சொல்லுவேன். ஏமி எட்மண்ட்சன்னு ஒருத்தர் 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்கள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்பு பத்தி ஆராய்ச்சி பண்ணப்ப, நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பாத்து போனா, நல்ல டீம்ல தான் அதிக தப்பு பதிவாகி இருந்துச்சு. அவங்க அதிகமா தப்பு பண்ணல, தைரியமா வெளிய சொன்னாங்க, அதான் வித்தியாசம்ங்கற முடிவுக்கு வந்தாங்க. என் டீம்ல ரெண்டு வாரமா ஒருத்தரும் ஒரு பிரச்சனையும் சொல்லலன்னா முன்னெல்லாம் சந்தோஷப்படுவேன், இப்ப வயித்த கலக்குது.

பேசினப்பறம் என்ன மாதிரி உதவின்னு பிரிக்கணும், இங்க தான் நல்ல மனசுக்காரங்களும் சொதப்புவாங்க. ராபர்ட் மேகர், பீட்டர் பைப்னு ரெண்டு பேர் 1970ல ஒரு முரட்டு கேள்வி வெச்சாங்க: உயிர் போகும்னு நிலைமை வந்தா இந்த ஆளால இத செய்ய முடியுமா? முடியாதுன்னா கத்துக்குடு. முடியும்னா கத்துக்குடுக்கறது வேஸ்ட், தடுக்கறது எதுன்னு பாரு. அந்த ஆல்மோஸ்ட் பையன்கிட்ட இல்லாதது ஒரே ஒரு தகவல் தான், அவன ட்ரெயினிங்குக்கு அனுப்பியிருந்தா அவமானம் தான் மிச்சம். பின்னம் தெரியாதவனுக்கு நேரா கத்துக்குடுக்கணும், ஊக்கப் பேச்சு உதவாது. கண்ணு தெரியாதவனுக்கு கண்ணாடி. ராத்திரி முழுக்க உடம்பு சரியில்லாத அம்மாவ பாத்துட்டு வர்றவருக்கு டைம் மேனேஜ்மெண்ட் கிளாஸ் எடுத்த ஒரு மேனேஜர எனக்கு தெரியும், அவருக்கு நல்லது பண்ணிட்டோம்னு முழு திருப்தி.

கத்துக்குடுக்கறதுலயும் அளவு இருக்கு. தானா செய்ய முடிஞ்சது, எவ்ளோ உதவினாலும் இப்போதைக்கு முடியாதது, இந்த ரெண்டுக்கும் நடுவுல யாராவது கூட இருந்தா முடியும்ங்கற ஒரு இடம் இருக்குன்னு வைகாட்ஸ்கின்னு ஒரு ரஷ்ய உளவியல்காரர் 1930கள்லயே சொல்லிட்டு போயிட்டாரு. அந்த நடு இடத்துல தான் நாம நிக்கணும். நான் பொறுமை இல்லாம கீபோர்ட பிடுங்கி நானே அடிச்சு முடிச்சு குடுத்திருக்கேன், அன்னைக்கு அவங்களுக்கு நிம்மதி, அடுத்த வாரம் அதே இடத்துல மறுபடி நிப்பாங்க, கூடவே நம்மால முடியாதுங்கற எண்ணமும் சேந்துக்கும்.

எல்லாத்துக்கும் நாம மருந்து இல்ல, இதையும் சொல்லணும். தூக்கம், சாப்பாடு, ஆசையா செஞ்ச விஷயம் எல்லாம் போய், நாள் முழுக்க மனசு இருட்டா ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுதுன்னா அது டாக்டர் பாக்க வேண்டியது, டீம் லீடோ டீச்சரோ பேசி சரி பண்றது இல்ல. "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது"ங்கற மாதிரி பேச்சு வந்தா தயங்காம நேராவே கேளுங்க, உயிர விட்டுடலாம்னு தோணுதான்னு. கேட்டா நாமளே எடுத்து குடுத்த மாதிரி ஆயிடும்னு பயப்பட வேணாம், அப்படி ஆகாதுங்கறத ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்க. கேட்டுட்டு, அவங்கள தனியா விடாம உதவி கிடைக்கற இடத்துக்கு கூட்டிட்டு போங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினாலும் அந்த ரகசியத்த மட்டும் காப்பாத்த கூடாது.

அப்ப எல்லாருமே பாவம், யாருமே ஏமாத்தறதில்லயான்னு கேட்டா, ஏமாத்தறவங்களும் இருக்காங்க, நானும் பாத்திருக்கேன். ஆனா ஸ்க்ரீன திறந்து பக்கத்துல உக்காந்தா அதுவும் அரை மணில தெரிஞ்சிடும். வேலை செய்யாதவனுக்கு நான் பக்கத்துல வந்து உக்காந்தா சங்கடம், முழிபிதுங்கி நிக்கறவனுக்கு நிம்மதி, மூஞ்சிலயே தெரியும். ரெண்டு பேருக்கும் நான் செய்ய வேண்டிய முதல் வேலை ஒண்ணு தான்ங்கறதால இவன் எந்த வகைன்னு முன்கூட்டியே மண்டைய உடைச்சுக்கறத நான் விட்டுட்டேன்.

போன வாரம் புதுசா சேந்த பொண்ணு மீட்டிங்ல "ஆல்மோஸ்ட் முடிஞ்சிடுச்சு அண்ணா"ன்னுச்சு. எனக்கு பழசெல்லாம் கண்ணு முன்னாடி ஓடிச்சு. மீட்டிங் முடிஞ்ச உடனே மெசேஜ் போட்டு, காரணத்தோட தான், 15 நிமிஷம் சேந்து பாக்கலாமான்னு கேட்டு, ஸ்க்ரீன் ஷேர் பண்ண சொல்லி, பொறுமையா 3 செகண்ட் எல்லாம் காத்திருந்து, "எந்த இடத்துல நின்னுச்சும்மா"ன்னு கேட்டேன். நிஜமாவே ஆல்மோஸ்ட் முடிஞ்சிருந்துச்சு. "ஏன் அண்ணா, ஏதாவது தப்பா பண்ணிட்டேனா"ன்னு அது பயந்துடுச்சு, அத சமாதானம் பண்ண மீதி பத்து நிமிஷம் போச்சு. அப்பறம் கால கட் பண்ண போகும்போது, "அண்ணா, இது இல்ல, வேற ஒண்ணு கேக்கணும், அந்த ரெண்டு டேட்டாபேஸ்ல..."ன்னு ஆரம்பிச்சுச்சு. அந்த டாக்குமெண்ட்ட நான் இன்னும் எழுதல.